பேஸ் நீங்கலாக

கெல்சர் மாவட்டத்துப் பெருமக்கள் அனைவருக்கும், மலைமேல் குடியிருப்பவர்களுக்கும், ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்கும், வேலை தேடி ஒஹையோவுக்குப் போய்விட்டு எழவுக்கும் தேர்தலுக்கும் மட்டும் வந்து போகிறவர்களுக்கும் தெரிவிக்கப்படுவது: நம் மண்ணின் மாபெரும் கலைஞர் அமரர் ஆர்பின் ராட்லிஃப் அவர்களின் நினைவுக்கல், நாமெல்லாம் கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் மே மாதக் கடைசி ஞாயிறன்று, பகல் பதினொரு மணிக்கு, ஓடைக்கரைத் தேவாலயத்து முற்றத்தில் திறந்து வைக்கப்படும். பொரித்த கோழி உண்டு. மடக்கு நாற்காலியை அவரவர் கொண்டு வரவும்.

இதை எங்கள் மாவட்ட வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு வெளியிட்டவன் நான். கல்லில் என்ன பொறித்திருக்கிறது என்பதையும் கீழே தடித்த எழுத்தில் போட்டேன். "ஆர்பின் ராட்லிஃப். தந்தி கட்டிய எல்லாவற்றையும் வாசித்தார், பேஸ் நீங்கலாக."

அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்காக நான் நான்கு கூட்டங்களில் சண்டை போட்டேன். ஏனென்றால் அந்த இரண்டு சொற்கள்தான் நான்.

ஆர்பினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த வாத்தியத்தைக் கையில் கொடுத்தாலும் கற்றுக்கொண்டுவிடுவார். ஆரம்பத்தில் அவர் வெறும் பிடில்காரர். கூட மூன்று பேர் இருந்தார்கள். எஸ்டில் கான்லி பேஞ்சோ வாசித்தான். ஒரு குளிர்காலத்தில் சுரங்கத்தில் கூரைப் பாறை விழுந்து அவன் கை முறிந்தது. கை சேரும்வரை பேஞ்சோ ஆர்பின் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான். ஆறு வாரம் கழித்து வந்து பார்த்தால் ஆர்பின் அதை வாசித்துக்கொண்டிருக்கிறார். எஸ்டில் தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றான். வீட்டுக்குப் போய்த் தேனீ வளர்க்க ஆரம்பித்தான்.

மாண்டலின்காரருக்கும் அதுவே நடந்தது. அவர் சபையில் மூப்பராகி, பாட்டே பாவம் என்று பிரசங்கம் செய்யப் போய்விட்டார். கித்தார்காரர் ஒஹையோவில் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அந்தத் தொழிற்சாலை ஆள் எடுக்க ஆரம்பித்தது அடுத்த வருஷம்தான்.

இப்படியாக வீட்டில் வாத்தியங்கள் சேர்ந்துகொண்டே போயின, ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டால் இழைக்கிற கித்தார் வந்தது. நெஞ்சோடு அணைத்து வாசிக்கிற, முப்பத்தாறு தந்தி உள்ள ஆட்டோஹார்ப் வந்தது. கடைசியில் சுவர் முழுக்கப் பதினொரு வாத்தியங்கள் தொங்கின. கீழே ஆர்பினும், அவர் அக்கா வெர்லியும், ஒரு நாயும் இருந்தார்கள். நாய் மட்டும்தான் வாசிக்கத் தெரியாததால் தப்பித்தது என்று ஊரில் சொல்வார்கள். சொன்னது நான்தான். பத்திரிகையில்.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சங்கீத வகுப்பை மூடினார்கள். மூலையில் கிடந்த பேஸை, எங்கள் பக்கத்தில் நாய்க்கூண்டு என்று கேலியாகச் சொல்லும், நான்கு தடித்த தந்தி கட்டிய அந்த ஆளுயர மரப்பெட்டியை, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி வில்மா அப்போதுதான் என்னை விட்டு லெக்சிங்டனுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஆளுயரத்துக்கு ஏதாவது ஒன்று நிற்கட்டுமே என்று நான் அதை எடுத்து வந்தேன். மூன்று மாதம் தனியாக அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் துணி உலர்த்தும் கயிற்றால் அதைக் காரின் கூரைமேல் கட்டி, ஆர்பின் வீட்டு மேட்டில் ஏறினேன்.

அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தொட்டும் பார்க்கவில்லை.

"இது மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது, டென்சில். கை சின்னதாப் போச்சு."

ஆர்பினின் கை நிலக்கரி அள்ளும் சட்டி மாதிரி இருக்கும். ஒரு கையில் மூன்று முட்டை எடுத்து மற்ற கையால் கோழியை விரட்டுவார். ஆனால் ஒரு மேதை தன் வாயால் தன் குறையை ஒப்புக்கொள்ளும்போது கையை அளந்தா பார்ப்பார்கள்? நான் நம்பினேன். இருபத்தாறு வருஷம் நம்பினேன்.

வியாழக்கிழமைதோறும் ஐந்து மணிக்குப் போவேன். வெர்லி பீன்ஸும் சோள ரொட்டியும் வைப்பாள். பிறகு வாசிப்போம். உலகத்தில் எங்கேயும் பேஸ்காரன்தான் மற்றவர்களுடைய சுருதிக்குத் தன் தந்தியைச் சேர்ப்பான். இங்கே தலைகீழ். ஆர்பின் பிடிலைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "உன் ஜி தந்தியைக் குடு, டென்சில்" என்பார். நான் ஜி தந்தியைச் சுண்டுவேன். அந்த மகா வித்துவான் என் சுருதிக்குத் தன் பிடிலைச் சேர்ப்பார். இந்த மரியாதையை நான் ஆறு கட்டுரைகளில் குறிப்பிட்டிருக்கிறேன்.

டென்னசியில் ஒரு அறையில் உட்கார்ந்து அவர் ஒரே ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார். ஒரு வாத்தியத்தின்மேல் இன்னொன்றாகப் பதினொரு வாத்தியத்தையும் அவரே வாசித்தார். அட்டையில் "ஆர்பின் ராட்லிஃபும் நண்பர்களும்" என்று போட்டார்கள். நண்பர்கள் என்று பன்மையில் போடப்பட்டவன் நான் ஒருவன். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பேஸ்: டென்சில் ஃப்யூகேட்' என்று இருக்கும். அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்றவர்கள் எல்லாரும் கைவிட்டார்கள். அதிலுள்ள சுருதி பியானோவின் எந்தக் கட்டைக்கும் அடங்காமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. அது ஆர்பினின் மேதைமை என்று எழுதினேன்.

போன அக்டோபரில் அவர் இறந்தார். அதற்குப் பிறகும் வியாழக்கிழமைகள் வாராவாரம் வந்துகொண்டிருந்தன. நாலரை மணிக்குக் கார் சாவியை எடுப்பேன். எங்கே போகிறோம் என்று யோசித்து, காருக்கு எண்ணெய் வாங்கப் போவேன். அந்தக் குளிர்காலம் என் கார் அளவுக்கு எண்ணெய் குடித்த கார் மாவட்டத்தில் இல்லை.

நினைவுக்கல் குழுவின் தலைவி ஜெனீவா பக்னர். எதற்கும் ஒரு குழு அமைத்துவிட்டால் இறந்தவர்கூடப் பாதி எழுந்துவிடுவார் என்று நம்புகிறவள். அவள் எழுதி வந்த வாசகம், "இறைவன் தந்தி கட்டிய ஒவ்வொன்றையும் வென்ற மலைகளின் மைந்தன்." தந்தி கட்டியது இறைவன் அல்ல, தபாலில் வாத்தியம் அனுப்பும் கம்பெனி என்று நான் எழுந்து சொன்னேன். மேலும் ஒவ்வொன்றையும் அல்ல, பேஸை அவர் வெல்லவில்லை, அதற்கு மாவட்டத்தில் வேறொருவன் இருந்தான், கல்லில் பொய் சொல்லக்கூடாது என்றேன்.

அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை என் வாதத்தின் வலிமை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று கூட்டம் இழுத்தது. நாலாவது கூட்டத்தில் எஸ்டில் கான்லி, பேஞ்சோவைத் தொட்டு முப்பது வருஷமானவன், எனக்கு ஆதரவாகக் கை தூக்கினான். அவனுக்கு என்னைப் பிடிக்காது. அவனுடைய தேனைப் பற்றி நான் ஒரு முறை எழுதியிருக்கிறேன். அவன் தூக்கியதும் ஒவ்வொரு கையாக எழுந்தது. ஜெனீவாவின் கைகூட. அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

கல் திறப்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. எங்கள் வானொலியில் காலை ஒன்பது மணிக்குப் பண்டமாற்று நேரம். தன்னிடம் உள்ளதைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதை வாங்க நினைப்பவர்கள் போன் செய்து சொல்லலாம். புத்தியுள்ள மனிதன் எவனும் இதைக் கேட்க மாட்டான் என்று நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். தினமும் கேட்பேன். நடத்துகிற ஹோபர்ட் மல்லின்ஸ் பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் பேச்சையும் வெட்டியதில்லை. ஒரு கிழவர் தன் ஆட்டை வர்ணித்தபோது பதினோரு நிமிஷம் விட்டான்.

"ஹோபர்ட்டா? நான் வெர்லி பேசறேன், மேட்டு வீட்டு வெர்லி. எனக்கொரு ஃப்ரீசர் வேணும்ப்பா, பெட்டி மாதிரி படுத்துக்கிடக்குமே, அது. பதிலுக்கு ஆர்பினோட பேஸைத் தரேன். நல்லா வாசிச்சுப் பழுத்த பேஸு. விரல் வெச்சு வெச்சுக் கட்டையே குழி விழுந்து போயி..."

கடகடவென்று மாட்டுத்தீவன விளம்பரம் ஓடியது. அது முடிந்து ஹோபர்ட் திரும்பி வந்தபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. மிச்ச நேரம் முழுக்க மழையைப் பற்றிப் பேசினான். வெளியே நல்ல வெயில்.

என் பேஸ் இருக்கிறதா என்று மூலையைத் திரும்பிப் பார்த்தேன். இருந்தது.

செவ்வாய் முழுக்கவும் புதன் முழுக்கவும் நான் பல நல்ல விளக்கங்களைத் தயாரித்தேன். யாரோ பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்த பேஸ். யாரோ பாக்கிக்கு விட்டுப்போன பேஸ். வெர்லிக்கு எண்பத்தொரு வயசு, அவள் தொட்டிலையோ சவப்பெட்டியையோ பேஸ் என்று நினைத்திருக்கலாம். வியாழக்கிழமை நாலரைக்குச் சாவியை எடுத்தபோது எண்ணெய் வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வெர்லி சமையலறை மேஜையில் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"நீ அந்த நிகழ்ச்சியைக் கேக்க மாட்டேன்னு பேப்பர்லயே போட்டிருந்தியே, கண்ணு."

"எங்க இருக்கு, மிஸ் வெர்லி?"

அவள் எழுந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பன்றி இறைச்சிக்குப் புகை போடுகிற மரக்கொட்டகை. உள்ளே கொக்கிகளுக்குக் கீழே, ஒட்டுத்துணிப் போர்வை போர்த்திக்கொண்டு, விருந்துக்கு வந்து வெட்கப்பட்டு ஒதுங்கிய பெரிய மனுஷி மாதிரி அது நின்றது. போர்வையை எடுத்தேன். என் பேஸைவிட நல்ல பேஸ். விரல் வைக்கும் கறுப்புக் கட்டையில் நான்கு தந்திகளுக்கும் கீழே குழிகள். என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் மாதிரி இரண்டு அதில் படுக்கலாம்.

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். அது அவர்களுடைய அப்பாவின் பேஸ். ஆர்பின் முதலில் கற்றுக்கொண்டதே அதைத்தான். நிற்க உயரம் போதாமல் பால் கறக்கிற முக்காலிமேல் ஏறி நின்று வாசித்தாராம். பிடில் எல்லாம் பிறகு வந்தது. வியாழன் தவிர மற்ற நாட்களில் கடைசிவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நீ மொதல்ல வந்தியே, அன்னிக்குச் சமையக்கட்டு ஜன்னல் வழியாத்தான் பாத்தான். கார் மேல துணிக் கயித்துல கட்டிக்கிட்டு நீ ஏறி வரே. அவன் ஒரு நிமிஷம் நின்னான். அப்புறம், வெர்லி, அந்தப் பக்கம் புடின்னான். ரெண்டு பேருமா தூக்கி இங்க கொண்டாந்து வெச்சோம். நீ கீழ் வளைவுல திரும்பறதுக்குள்ள."

அவளே சொன்னாள்.

"நான் கேட்டேன், எதுக்குடா இந்தக் கூத்துன்னு. ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டே எல்லாரையும் இந்த வீட்ட விட்டுத் தொரத்திட்டேன் வெர்லி, இது ஒண்ண நான் கத்துக்கல, ஞாபகம் வெச்சுக்கோன்னான்."

இருபத்தாறு வருஷம், வியாழக்கிழமைதோறும் மத்தியானம் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைக் கொட்டகைக்குத் தூக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை திருப்பித் தூக்கியிருக்கிறார்கள். இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷத்திலும்.

வாய் சும்மா இருக்கவில்லை. எதையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று, "ஆனா சுருதிய மட்டும் என்கிட்டதான் கேப்பாரு" என்றேன்.

வெர்லி போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். மிகவும் கவனமாக மடித்தாள்.

"மொதல்ல ரெண்டு மாசம் உன்னைச் சேக்கச் சொல்லிப் பாத்தான் கண்ணு. உன் காதுக்கு அது ஏறல. நீ பாவம், மொகம் செவந்து போயி நிப்பே. அதனால வியாழக்கிழமை மத்தியானமே உக்காந்து எல்லா வாத்தியத்தையும் உன் சுருதிக்கு எறக்கிடுவான். அந்த முப்பத்தாறு தந்தியையும் சேத்துதான். போன வாரத்துக்கு இந்த வாரம் நீ இன்னும் எவ்ளோ எறங்கியிருப்பேன்னு ஒரு குத்துமதிப்பு. வெள்ளிக்கெழம காலைல பூரா உக்காந்து திரும்ப ஏத்துவான்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. "குத்துமதிப்பு தப்பாது" என்றாள்.

அன்றும் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். சாப்பிட்டேன். சுவரில் பதினொரு வாத்தியங்களும் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்திருந்தார்கள். கல்லறைகள் கழுவப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் காகிதப் பூ இருந்தது. நீள மேஜையில் கோழியும், உருளைக்கிழங்கும், ஏழு பேர் ஏழு விதமாகச் செய்து ஒரே மாதிரி வந்த முட்டையும் இருந்தன. ஜெனீவா இருபது நிமிஷம் பேசினாள். மலைகள் நான்கு முறை வந்தன, ஆன்மா ஏழு முறை. துணியை இழுத்தாள். துணி கல்லின் மூலையில் மாட்டிக்கொண்டது. எஸ்டில் போய் எடுத்துவிட்டான். "பேஸ் நீங்கலாக" என்று வெயிலில் பளபளவென்று தெரிந்தது. நான் கேட்டிருந்தபடியே ஆழமாக வெட்டியிருந்தார்கள்.

அடுத்து நான் பேச வேண்டும். மூன்று வாரமாக எழுதிய தாளைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அவரை வாத்தியத்துக்கு வாத்தியம் புகழ்ந்து கல் வைத்துவிட்டு, அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியத்தை அதே கல்லில் குறை என்று வெட்டி வைத்திருக்கிறோம். வெட்ட வைத்தவன் நான். அதைச் சொன்னால் அந்த இரண்டு சொற்களும் போய்விடும், என்னையும் கூட்டிக்கொண்டு. போகட்டும் என்று நினைத்தேன்.

"இந்தக் கல்லுல ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

இருநூறு பேரில் ஒருவர்கூட என்ன தப்பு என்று கேட்கவில்லை. ஹோபர்ட் மல்லின்ஸ் தன் காலணியைப் பார்த்தான். ஜெனீவா, எந்தக் கூட்டத்திலும் எதையும் திருத்தாமல் விடாத ஜெனீவா, கோழிக்குமேல் பறந்த ஈயை விரட்டினாள். மாண்டலின் மூப்பர் கண்ணை மூடி ஜெபம் செய்வது மாதிரி இருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களின் முகம் அப்படி இருக்காது. இது பழைய முகம். இந்த முகத்தோடுதான் நாலு கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

எஸ்டில்தான் பேசினான்.

"உக்காரு டென்சில். கோழி ஆறிப்போவுது."

உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு. ஆர்பின் ஒருவருடைய இடத்தை நிரப்ப ஆறு பேர் தேவைப்பட்டார்கள், அதிலும் இரண்டு பேர் பக்கத்து மாவட்டம். எஸ்டில் பேஞ்சோவோடு வந்து என் பக்கத்தில் நின்றான். மேட்டு வீட்டுச் சுவரிலிருந்து வெர்லி எடுத்துக் கொடுத்த அவனுடைய அதே பேஞ்சோ. ஆறு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"உன் ஜி-யைக் குடு" என்றான் எஸ்டில்.

"இல்ல. நீ குடு."

அவன் பேஞ்சோவைத் தூக்கிப் பிடித்தான். பிறகு சுண்டினான். நான் தந்தியை இறுக்கும் பேஸின் பிரடையைத் திருகி ஏற்றினேன். கூட்டம் காத்திருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான்.

"இப்ப?"

"இன்னும்."

"இப்ப?"

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான். அப்புறம், "போதும், சேந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, தன் பேஞ்சோவின் பிரடையை ஒரு இழை கீழே இறக்கினான். அவனைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் இறக்கினார்கள்.

வாசித்தோம். எல்லாரும் கை தட்டினார்கள்.

கல்லை யாரும் திருத்தவில்லை. நானும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வில்மா காலத்து ஃப்ரீசரைக் கழுவி, உள்ளே கிடந்த ஒரே ஒரு பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, வெர்லி வீட்டில் இறக்கி வைத்தேன். பதிலுக்கு ஆர்பினின் பேஸைத் துணிக் கயிற்றால் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். இப்போது என் வீட்டு மூலையில் இரண்டு பேஸ்கள் நிற்கின்றன. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவருடையதை எடுத்து, அந்தக் குழிகளில் விரலை வைத்து ஒரு மணி நேரம் வாசித்தேன்.

என்னுடையதைப் போலவே கேட்டது.